திறக்கிறது கடைசி: அச்சுவேலியில் இருந்து ஒரு கிளச் வரலாறு

சோளகம் வீசுற நாளில் நெல்லியடிப் பக்கமிருந்து வல்லை வெளிக்குள் இறங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே காற்று ஆளைப் போல முன்னுக்கு நின்று தள்ளும். போன ஆடி மாதம் எங்களில் இரண்டு பேர் ஒரு பழைய இந்திய 100 சிசி மோட்டார் சைக்கிளில் அந்த வெளியால் வந்துகொண்டிருந்தோம். நாலாம் கியர். திரொட்டிலை முறுக்க எஞ்சின் கத்துகிறது, வண்டி முன்னுக்குப் போவதாயில்லை. இன்னும் முறுக்கினால் சத்தம் மட்டும் கூடுகிறது. ஒரு மாதிரி கருகின மணமும் வந்தது.

வல்லைச் சந்தியில் திரும்பி அச்சுவேலிக்கு உருட்டியும் ஓடியும் வந்து சேருவதற்கிடையில் நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம்: கிளச் பிளேட் எரிஞ்சு போச்சு, முழு செற்றும் மாத்த வேணும். போனில் தேடினாலும் அதைத்தான் சொன்னது. காசு எவ்வளவு வரும், ஆரிட்டைக் கடன் கேட்பது என்பது மட்டும்தான் மிச்சக் கேள்வி.

சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி, தகரம் போட்ட ஒரு சின்னக் கராஜ். இருந்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நாங்கள் சொன்ன தீர்ப்பைக் கேட்டுத் தலையாட்டினார். ஆனால் ஸ்பனரில் கை வைக்கவில்லை. கிளச் லிவரை ஒற்றை விரலால் மெல்ல அமத்திப் பார்த்தார்.

"ஆர் உந்த வயரை இறுக்கினது?"

"நாங்கள்தான் ஐயா. லிவர் லூசாக் கிடந்தது."

"லூசாத்தான் கிடக்க வேணும். லிவரில கொஞ்சம் விட்டுக் குடுத்தால்தான் உள்ளுக்கு முழுசாப் பிடிக்கும்." பிறகு ஒயில் பார்க்கும் குச்சியைக் கழற்றி விரலில் தொட்டுத் தேய்த்தார். "இது என்ன ஒயில்? தண்ணி மாதிரிக் கிடக்கு."

எங்களில் ஒருத்தியின் மாமா தன் ஹைபிரிட் காருக்கு வாங்கி மிஞ்சிய ஒயில். நல்ல விலையான சாமான், வீணாய்ப் போகக்கூடாது என்று நாங்கள்தான் ஊற்றினோம்.

அவர் வயரைத் தளர்த்தினார். ஒயிலை வடித்து, மோட்டார் சைக்கிளுக்கு உரியதை விட்டார். "ரெண்டு கிழமை ஓடுங்கோ. சரி வராட்டிக் கொண்டு வாங்கோ, திறப்பம்."

"ஏன் ஐயா இப்பவே திறந்து பாக்கேலாதோ?"

"திறக்கிறது கடைசி, தம்பி. நாங்கள் அப்பிடித்தான் பழகினது."

அந்தக் கடைசி வசனத்தை நாங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். அப்படிப் பழகியது ஏன்? எந்தக் காலத்தில்? தேடத் தொடங்கியபோது, ஒரு கிளச்சின் நோயைக் கண்டுபிடிக்கும் முறைக்குள் யாழ்ப்பாணத்தின் கடந்த நாற்பது வருடமும் மடிந்து கிடப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கிளச் என்றால் என்ன

முதலில் சாமானைப் புரிந்துகொள்வோம். எஞ்சின் ஒருக்கால் ஓடத் தொடங்கினால் நிற்காமல் சுற்றவேண்டும். சில்லு சில நேரம் நிற்கவேண்டும். இரண்டையும் தேவைக்கேற்பச் சேர்க்கவும் பிரிக்கவும் நடுவில் ஒன்று வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் அது இல்லை. எஞ்சினில் இருந்து ஒரு தோல் பட்டி நேராய்ச் சில்லுக்குப் போகும். ஓட்டுபவர் வண்டியோடு கூட ஓடி, எஞ்சின் பிடித்ததும் பாய்ந்து ஏறவேண்டும். நிற்பாட்ட வேண்டுமென்றால் எஞ்சினையே நிற்பாட்டவேண்டும்.

இன்று எங்களுடைய வண்டிகளில் இருப்பது பல தட்டுக் கிளச். உராய்வுப் பூச்சுள்ள பிளேட் ஒன்று, இரும்புப் பிளேட் ஒன்று என்று மாறி மாறி அடுக்கி, ஸ்பிறிங்குகளால் இறுக்கி வைத்திருக்கும். ஒரு வகைப் பிளேட் எஞ்சினோடு சுற்றும், மற்ற வகை கியர் பெட்டியோடு சுற்றும். லிவரை அமத்தும்போது வயர் இழுபட்டு, ஸ்பிறிங்கின் இறுக்கம் விடுபட்டு, பிளேட்டுகள் பிரிகின்றன. ஐயா சொன்னது இதைத்தான். வயரை நாங்கள் அளவுக்கு மேல் இறுக்கியதால் லிவரை விட்ட பிறகும் பிளேட்டுகள் பாதி அமத்தின நிலையிலேயே இருந்திருக்கின்றன. இப்படியான சின்ன வண்டிகளுக்கு லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா அசையும் இடம் இருக்கவேண்டும். நாங்கள் அதைப் பழுது என்று நினைத்தோம்.

இந்தப் பிளேட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே நனைந்தபடி சுற்றுகின்றன. எஞ்சின், கிளச், கியர் மூன்றுக்கும் ஒரே ஒயில். காரில் அப்படியில்லை, கிளச்சும் கியர் பெட்டியும் எஞ்சின் ஒயிலைத் தொடுவதில்லை. எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காகக் காருக்கான ஒயில்களில் வழுக்கும் சேர்மானங்கள் கூடக் கூட, அவற்றை ஊற்றிய மோட்டார் சைக்கிள்களில் கிளச் வழுக்கத் தொடங்கியது. அதனால்தான் 1998-ல் ஜப்பானில் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கென்று ஜாசோ என்ற தனித் தரம் வகுக்கப்பட்டது. ஒயில் போத்தலின் பின்பக்கம் "ஜாசோ எம்.ஏ." என்று இருந்தால் அது நனைந்த கிளச்சுக்கு ஏற்றது. "எம்.பி." என்றால் கிளச் ஒயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு. மாமாவின் ஒயிலில் இரண்டுமே இல்லை.

கியர் மாற்றுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. முந்தி அது கை வேலை, பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு தடி இருக்கும். ஒருமுறை மிதித்தால் ஒரு கியர் மட்டும் மாறி, மிதி திரும்பவும் பழைய இடத்துக்கே வரும் முறையை 1920களின் கடைசியில் இங்கிலாந்தின் வெலோசெற் நிறுவனத்தில் ஹரோல்ட் வில்லிஸ் ஓட்டப் பந்தய வண்டிகளுக்காக உருவாக்கினார். இன்றைக்கும் எங்கள் இடது கால் செய்வது அந்த வேலையைத்தான். மிதி திரும்பி வராவிட்டால் உள்ளே இருக்கும் மீள் ஸ்பிறிங் முறிந்திருக்கிறது என்று காலே சொல்லிவிடும்.

லிவர் இல்லாத கிளச்

எங்கள் வீடுகளின் பழைய அல்பங்களைப் புரட்டினால், கலியாணப் படங்களுக்கிடையில் எங்கேயாவது ஒரு ஹொண்டா நிற்கும். காலைத் தூக்கிப் போடாமல் ஏறக்கூடிய, முன்பக்கம் பிளாஸ்ரிக் மறைப்பு வைத்த சி50, சி70, சி90. இவற்றின் மூதாதை 1958-ல் ஜப்பானில் வந்த சூப்பர் கப். சொய்சிரோ ஹொண்டாவும் அவருடைய கூட்டாளி தக்கேயோ புஜிசாவாவும் அதைத் திட்டமிட்டபோது, நூடில்ஸ் கடைப் பொடியன் ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி மற்றக் கையால் ஓட்டக்கூடியதாய் இருக்கவேண்டும் என்று நினைத்தார்கள். அதனால் கிளச் லிவரே இல்லை. எஞ்சின் வேகம் கூடும்போது சுழற்சியின் விசையால் கிளச் தானாய்ப் பிடிக்கும், வேகம் குறைய விடும். கியரை மிதிக்கும்போது அதே மிதி முதலில் கிளச்சைப் பிரித்து, பிறகு கியரை மாற்றும். 2017-ல் இந்தக் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. பிறகு இலங்கைக்குள் நிறைய வந்த எம்.டி. 90, ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்யப்பட்ட சிவப்பு வண்டி, இதே குடும்பம்தான்.

வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு இது ஏற்ற சாமான். புகையிலைக் கட்டோ வெங்காய மூடையோ பின்னால் இருக்க, ஒழுங்கைக்குள் கால் ஊன்றி ஊன்றிப் போகலாம்.

லிவர் இல்லையென்றால் நோயை எதில் பிடிப்பது? எஞ்சினின் வலது பக்க மூடியில் ஒரு பூட்டு நட்டும் அதன் நடுவில் ஒரு திருகாணியும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, திருகாணியை வலப்பக்கம் ஒரு சுற்றுத் திருப்பி, பிறகு இடப்பக்கம் மெல்லத் திருப்பிக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் லேசாய்த் தட்டுப்படும். அங்கிருந்து வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு சுற்று. நட்டை இறுக்கினால் சரி. மொத்த வேலையும் இரண்டு நிமிடம். ஆனால் அந்த "லேசாய்த் தட்டுப்படுவது" எப்படியிருக்கும் என்று கைக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரு பக்கம் பிழைத்தால் கிளச் வழுக்கும், மற்றப் பக்கம் பிழைத்தால் கியர் ஒவ்வொன்றும் கடகடவென்று இடித்துக்கொண்டு விழும்.

மண்ணெண்ணெய் கிளச்சுக்குள் வந்த காலம்

1990 ஜூனில் திரும்பவும் யுத்தம் தொடங்கியது. குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி, உரம், சீமெந்து என்று பட்டியல் நீண்டது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதையை எங்கள் எல்லோருடைய வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடிய கதையும் அப்படித்தான். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி எஞ்சினைப் பிடிக்க வைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூட்டில்தான் ஆவியாகும். வெள்ளைப் புகையும் அந்த மணமும் அந்தக் காலத்துத் தெருக்களின் அடையாளம்.

பிளக் கரி பிடித்ததைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். கிளச்சுக்கு என்ன நடந்தது என்று கதைப்பவர்கள் குறைவு. நாங்கள் ஐயாவிடம் கேட்டபோது அவர் முதலில் சொன்னது ஒயில் குச்சியைப் பற்றித்தான்.

"ஒயில் குறைஞ்சால் பயமில்லை, விடலாம். கூடினால்தான் பயம்."

விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. முழுக்க எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனின் பக்கத்தால் கசிந்து கீழே ஒயிலோடு சேர்கிறது. ஒயில் மட்டம் நாளுக்கு நாள் ஏறும், ஆனால் ஒயில் நீர்த்துவிடும். அதே ஒயிலில்தான் கிளச்சும் கியரும் நனைகின்றன. நீர்த்த ஒயில் பல்லுக்குப் பல் இடையில் தாக்குப் பிடிக்காது. கியர்கள் தேயும், பெயரிங்குகள் முனகத் தொடங்கும், பிளேட்டின் சூடு ஏறும். குச்சியை முகர்ந்து பார்த்தால் போதும், உள்ளே நடப்பது தெரியும். திறக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் சொன்னார். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் மெதுவாய் ஓடும்போது நின்று நின்று போகும். அதனால் ஆட்கள் சும்மா நிற்கிற வேகத்தைக் கூட்டி வைப்பார்கள். லிவர் இல்லாத ஹொண்டாவில் வேகம் கூடினால் கிளச் தானாய்ப் பிடிக்கத் தொடங்கிவிடும் அல்லவா? அப்போது முதலாம் கியரை மிதித்தால் வண்டி குதிரை போலப் பாயும். ஆட்கள் "கியர் பிழை" என்று கொண்டு வருவார்களாம். கியரில் ஒன்றும் இல்லை. கிளச்சிலும் இல்லை. பிழை காபரேற்றரில், அதற்கும் முன்னால் தாங்கிக்குள் இருந்த எண்ணெயில், இன்னும் பின்னால் போனால் மூடியிருந்த பாதையில். காரணம் ஓரிடம், நோவு இன்னோரிடம். நோவு உள்ள இடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் நாள் முழுக்கக் கழற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

இங்கேதான் "திறக்கிறது கடைசி" என்பதன் விடை இருக்கிறது. கிளச்சைப் பார்க்க வலது பக்க மூடியைத் திறக்கவேண்டும். திறக்க ஒயிலை வடிக்கவேண்டும், புது ஒயில் இலேசில் கிடைக்காது. மூடியின் ஓரத்தில் இருக்கும் காஸ்கெற் கிழியும், புதியது இல்லை. மட்டையை மூடியின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓரமாய்த் தட்டித் தட்டி வெட்டி எடுக்கவேண்டும். திறந்து பார்த்துப் பிளேட் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தாலும் மாற்றப் பிளேட் எங்கே? ஆக, திறப்பது என்பது ஒரு செலவு, ஒரு சூது. திறக்காமல் எவ்வளவு தெரிந்துகொள்ளலாமோ அவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகுதான் அதில் இறங்கலாம். கேள்வி, விரல், மூக்கு, காது. அந்த ஒழுங்கைத் தடைதான் அவர்களுக்குப் படிப்பித்தது.

உருட்டிக்கொண்டு போனது

1995 ஒக்ரோபர் 17-ல் ரிவிரெச நடவடிக்கை தொடங்கியது. பலாலியில் இருந்து வெளிக்கிட்ட இராணுவத்தின் பாதை வலிகாமம் கிழக்கு ஊர்களுக்கு ஊடாக இருந்தது. அச்சுவேலி, புத்தூர்ப் பக்கத்துச் சனம் முதலே எழும்பிவிட்டது. ஒக்ரோபர் 30-ல் வலிகாமமே எழும்பியது. இலட்சக்கணக்கான ஆட்கள் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தார்கள்.

அந்த நெரிசலில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நாங்கள் முந்தி யோசித்ததே இல்லை. ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாய், பாரத்தோடு, மணிக்கணக்காய் ஊர்ந்தால் கிளச் பாதி பிடித்தபடியே கிடந்து எரியும். "நிப்பாட்டிப் போட்டு நியூற்றலில உருட்டினது" என்றார் ஐயா. "அம்மா நடந்து வந்தவா. சீற்றில அரிசியும் ஆயுதப் பெட்டியும்." ஆயுதப் பெட்டி என்று அவர் சொன்னது ஸ்பனர் பெட்டியை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தபடி விளக்கினார்.

1996 ஏப்ரலுக்குப் பிறகு ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். அச்சுவேலிக்கு வடக்கே வளலாய்ப் பக்கம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது, அங்குள்ள காணிகள் விடுபடத் தொடங்க 2015 ஆனது. ஆனாலும் கராஜுகள் திரும்பத் திறந்தன. சேறு குடித்த, துருப்பிடித்த வண்டிகளில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்திருக்கும். நாள்பட நின்ற வண்டியில் அது இன்றைக்கும் நடக்கிற விஷயம்: லிவரை அமத்தினாலும் பிளேட் பிரியாது, முதலாம் கியர் போட்டதும் எஞ்சின் நின்றுவிடும். கியரில் போட்டு, லிவரை அமத்திப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டினால் பல தடவை தானாய் விட்டுவிடும். இதற்கும் திறக்கத் தேவையில்லை.

பாதை திறந்த பிறகு

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை, ஏப்ரலில் ஏ9 பாதை திறப்பு. அதோடு இந்திய மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இப்போது கை லிவர் எல்லோருக்கும் வந்துவிட்டது. லிவர் இல்லாமல் பழகிய ஒரு தலைமுறை கிளச்சைப் புதிதாய்ப் பழகியது. கியர் ஒழுங்கும் வண்டிக்கு வண்டி வேறு. ஸ்பிளெண்டரில் எல்லாக் கியரும் முன்னுக்கு மிதிக்க விழும். பல்சரில் முதலாவது கீழே, மற்றவை மேலே. ஒன்றில் பழகினவர் மற்றதை எடுத்தால் கூட்ட நினைத்துக் குறைப்பார், எஞ்சின் அலறும். இதுவும் கராஜுக்குக் "கியர் பிழை" என்றே வரும்.

2006 ஓகஸ்டில் பாதை திரும்பவும் மூடியது. 2009-க்குப் பிறகு திறந்தபோது சாமான்கள் பெருகின. பிளேட் செற் பெட்டியோடு வந்தது, காஸ்கெற் பைக்குள் வந்தது. அதுவரை அரை நாள் யோசித்த வேலையை அரை மணித்தியாலத்தில் திறந்து மாற்றிவிடலாம். அது நல்ல விஷயம்தான். ஒரு மெக்கானிக்கின் நேரத்துக்கும் விலை உண்டு, பிளேட் மலிவு என்றால் மாற்றிவிடுவது புத்தியான முடிவாகவும் இருக்கலாம். பிரச்சினை வேறு. மாற்றியும் நோய் போகாதபோது என்ன செய்வது? எங்களுடைய வண்டிக்குப் புதுப் பிளேட் போட்டு, அதே காரின் ஒயிலோடு, அதே இறுக்கின வயரோடு அனுப்பியிருந்தால் புதியதும் எரிந்திருக்கும்.

அந்த ஒழுங்கு

ஐயாவிடம் நாங்கள் கேட்டு எழுதிக்கொண்ட ஒழுங்கு இது. எங்கள் வாசகர்களில் பாதிப் பேராவது வண்டி ஓடுபவர்கள் என்பதால் இதை முழுதாய்த் தருகிறோம்.

முதலில் கேள்வி. எப்போது தொடங்கியது, அதற்கு முன் கடைசியாய் என்ன வேலை செய்தது? பெரும்பாலும் விடை அதற்குள்ளேயே இருக்கும்.

இரண்டாவது, பிடிக்கவில்லையா, விடவில்லையா? கிளச்சுக்கு இந்த இரண்டு நோய்தான். எஞ்சின் சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் அது பிடிக்கவில்லை. கடைசிக் கியரில், ஏற்றத்திலோ எதிர்க்காற்றிலோ திரொட்டிலை முறுக்கினால் முதலில் காட்டிக் கொடுக்கும். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை, வல்லை வெளி இருக்கிறது. லிவரை முழுக்க அமத்தியும் முதலாம் கியரில் வண்டி முன்னுக்கு இழுத்தால், நின்றபடி நியூற்றல் விழ மறுத்தால், அது விடவில்லை.

மூன்றாவது, கிளச்சா கியரா? எஞ்சினை நிற்பாட்டு. வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டியபடி கியர்களை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார். நிற்பாட்டிய எஞ்சினில் எல்லாம் ஒழுங்காய் விழுந்து, ஓடும்போது மட்டும் இடிக்கிறது என்றால் கியரில் பிழையில்லை, கிளச் விடவில்லை. நிற்பாட்டியும் விழவில்லை என்றால் பிழை கியர் மாற்றும் பகுதியில். இந்த ஒரு சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. தேவையில்லாமல் கழற்றப்படும் எத்தனையோ எஞ்சின்களை இது காப்பாற்றும்.

நாலாவது, வெளியில் உள்ளதை எல்லாம் பார். வயர் உறைக்குள் இழை பிரிந்திருக்கிறதா? லிவரில் விட்டுக்கொடுப்பு இருக்கிறதா? கியர் மிதி அதன் தண்டில் பல் தேய்ந்து சும்மா சுற்றுகிறதா? செயின் அளவுக்கு மேல் இறுக்கமா, தொங்குகிறதா? ஒயில் எவ்வளவு, என்ன ஒயில், என்ன மணம்?

ஐந்தாவது, காது. பாரத்தோடு போகும்போது ஒரு கியர் மட்டும் தானாய்க் கழன்று விழுந்தால், அந்தக் கியரைப் பிடித்து வைக்கும் பற்களின் விளிம்பு தேய்ந்திருக்கும், அல்லது அதைத் தள்ளும் கவை வளைந்திருக்கும். அதற்கு வெளியில் மருந்தில்லை. எஞ்சினைப் பிளக்கத்தான் வேண்டும்.

ஆறாவது, திற.

யாருக்காக எழுதிவைப்பது

ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லவேண்டும். தடைக்காலத்தை நாங்கள் கொண்டாடவில்லை. மருந்தில்லாமல் செத்தவர்கள் இருக்கிற ஊரில், "தட்டுப்பாடு எங்களைக் கெட்டிக்காரர் ஆக்கியது" என்று சொல்வது அநியாயம். ஐயாவும் அப்படிச் சொல்லவில்லை. "வேற வழி இருந்ததெண்டால் நாங்களும் புதுசு வாங்கிப் பூட்டியிருப்பம்" என்றுதான் சொன்னார். ஆனால் அந்தக் கொடுமைக்குள் இருந்து அவர்கள் எடுத்துக்கொண்டு வந்த அறிவு அவர்களுடையது. கொடுமையோடு சேர்த்து அதையும் மறந்துவிடத் தேவையில்லை.

அது இன்னும் உதவும் என்பதை அண்மையில் பார்த்தோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, திரும்பவும் தனியார் வாகனங்களுக்குத் திறக்க 2025 ஆனது. ஐந்து வருடம் பழைய வண்டிகளையே ஓட்டினோம். 2022-ல் எரிபொருளுக்குக் கியூ ஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. வழுக்குகிற கிளச் அந்த 4 லீற்றரில் ஒரு பங்கைச் சத்தமாயும் சூடாயும் வீணாக்கிவிடும்.

இன்னொரு பக்கம், கிளச்சே மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. எங்களில் பெண்கள் ஓட்டுவது பெரும்பாலும் கியர் இல்லாத ஸ்கூட்டர். அடுத்தது பற்றரி வண்டி, அதில் கிளச்சும் இல்லை, ஒயில் குச்சியும் இல்லை. ஆகவே இந்த அறிவைக் கேட்டு எழுதக் காலம் அதிகமில்லை. அச்சுவேலி அச்சுக்குப் பேர்போன ஊர். ஞானப்பிரகாச யந்திரசாலை இருந்த இடம், யாழ்ப்பாணத்தைப் பற்றிய புத்தகங்கள் அச்சாகிய இடம். யுத்தத்தால் செயலிழந்து, இந்திய உதவியோடு 2014-ல் திரும்பத் திறந்த கைத்தொழிற்பேட்டையும் இங்கேதான் இருக்கிறது. அரசர்களைப் பற்றி எழுதினோம், கோயில்களைப் பற்றி எழுதினோம், யுத்தத்தைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறோம். கராஜைப் பற்றி எழுதியது குறைவு. உங்கள் ஊரிலும் ஒருவர் தகரத்துக்குக் கீழே இருப்பார். வண்டியைக் குடுத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், ஏன் இதை முதலில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். சொல்லுவினம்.

எங்களுடைய வண்டிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இரண்டு கிழமை ஓடினோம். ஊருக்குள் வழுக்கவில்லை. திரும்பவும் வல்லை வெளிக்குப் போய் எதிர்க்காற்றில் முறுக்கினோம், கொஞ்சம் வழுக்கியது. கொண்டு போனோம். இந்த முறை ஐயா ஸ்பனரை எங்களிடமே தந்தார். மூடியைத் திறந்து, பிளேட்டுகளை ஒழுங்கு மாறாமல் பழைய பேப்பரில் அடுக்கினோம். உராய்வுப் பிளேட்டுகள் கருகி வழவழத்திருந்தன, அவற்றை மாற்ற வேண்டித்தான் இருந்தது. இரும்புப் பிளேட்டுகளை ஒவ்வொன்றாய் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஓரத்தை அமத்திப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் ஆடவில்லை, வளையவில்லை. ஸ்பிறிங்குகளும் அளவில் இருந்தன. அவற்றையே கழுவித் திரும்பப் பூட்டினோம்.

"முதல் நாளே திறந்திருந்தாலும் இதைத்தானே ஐயா மாத்தியிருப்பம்?" என்று எங்களில் ஒருவன் கேட்டான்.

"ஓம். ஆனால் ஏன் எரிஞ்சதெண்டு தெரிஞ்சிராது" என்றார். பிறகு லிவரைக் காட்டினார். "எவ்வளவு லூஸ் வைக்கிறனீங்கள் எண்டு பாப்பம்."